கயாக் நண்பர்கள் பாதுகாப்பு என்றாலே சிரிக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. எட்டு நண்பர்கள் மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து கிளம்பி ராமேசுவரம் போய்க் கடலில் கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு, ஓட்டுகிறார்கள். இரண்டு பேரிடம் சொந்தப் படகு, மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். கேட்டவர் குழுவின் வாட்ஸ்ஆப்பில் பாதுகாப்புக் குறிப்புகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். "எப்படித்தான் இவர்களுக்குப் புரியவைப்பது?" என்கிறார்.

முதலில் அந்தக் குறிப்புகளை அனுப்புவதை நிறுத்துங்கள். உங்கள் நண்பர்களுக்குத் தகவல் பஞ்சம் இல்லை. லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் காது தானாக மூடிக்கொள்ளும். அவர்களுக்கு இல்லாதது ஒன்றுதான்: படகு கவிழ்ந்து, வாயில் உப்புத் தண்ணீரோடு, "இப்போ எப்படி ஏறுறது?" என்று திணறிய அனுபவம். அதை இடுப்பளவுத் தண்ணீரில், சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் குழு சிரிப்பதற்குக் காரணமே காற்றுதான்.

ராமேசுவரத்துக்காரர்கள் தீவின் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்று அடிக்கும், இன்னொன்று குளம்போல் கிடக்கும். ஆனால் இது வருஷம் முழுக்க நிற்கிற கணக்கு இல்லை. தென்மேற்குக் காற்று எடுக்கிற மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் அப்படியே மாறும். சரி, தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்குக் கரை ஏன் அடங்கிக் கிடக்கிறது? காற்று இல்லாததால் அல்ல. காற்று தீவைத் தாண்டி, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. கரையை ஒட்டி அலை எழும்ப அதற்கு இடம் கிடைப்பதில்லை. பனைமரமும் சவுக்கும் வீடுகளும் காற்றின் வேகத்தையும் மறைத்துவிடும். மணலில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தகடு மாதிரி தெரியும். அரை கிலோமீட்டர் உள்ளே போனால்தான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவது புரியும். அப்போதும் யாரும் அதை ஆபத்தாக நினைக்க மாட்டார்கள். "இன்னைக்கு நல்லா ஓட்டுறேன்ல?" என்றுதான் தோன்றும்.

திரும்பும்போதுதான் கணக்கு தெரியும். பழகிய ஒருவர் சாதாரணமாக மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுவார், புதியவர் மூன்று நான்கு. எதிர்காற்று 15 நாட் அளவில், அதாவது மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் இருந்தால், புதியவர் துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பார், கரை கிட்டே வராது. மூச்சு வாங்க இரண்டு நிமிஷம் துடுப்பை மடியில் வைத்தால், அதுவரை போராடிப் பிடித்த தூரம் போய்விடும். தென்மேற்குக் காற்று உங்களை எங்கே கொண்டுபோகும் என்று வரைபடத்தில் பாருங்கள். வடகிழக்கே, கச்சத்தீவுத் திசையில். கடல் எல்லையைத் தாண்டி மிதந்துபோனால் அதற்கப்புறம் வருகிற தலைவலி வேறு ரகம்.

இந்தப் பொறியில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு ஜூலை மாதம், நாங்கள் நாலு பேர், வடக்குக் கரை, வாடகைப் படகுகள். குழுவுக்குப் பொறுப்பு நான். என் நண்பரின் படகில் பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பான் சரியாக முறுக்கப்படவில்லை. உட்காரும் இடம் மேலேயே இருக்கிற மூடிய பிளாஸ்டிக் படகு என்பதால் உள்ளே தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரியாது. அவர், "பின்னாடி யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குடா" என்றார். நாங்கள் சிரித்தோம். மூன்றாவது முறை அவர் கவிழ்ந்தபோதுதான் படகின் பின்பாதி தண்ணீருக்குள் இருப்பதைக் கவனித்தேன். அதற்குள் கரை ஒன்றரை கிலோமீட்டர் பின்னால், காற்று நேர் எதிரே. வலையெடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் பார்த்துக் கயிறு போட்டு இழுத்துவந்தார். கரை சேர்ந்ததும் அவர் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "ஏன் தம்பி, காத்து கரையிலேருந்து போகுதுன்னு தெரியலையா? போறதுக்கு நல்லாத்தான் இருக்கும். வாறதுக்கு?" அந்த அடைப்பானைக் கையால் தொட்டுப் பார்க்க எனக்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். வாடகைக்குக் கொடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, படகில் ஏறியது நாங்கள்.

இதே பொறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த லைம் விரிகுடா விபத்தைச் சொல்வேன். கடல் கயாக் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிற விபத்து அது. 1993 மார்ச் 22. பிளிமத் நகரப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், சாகச விளையாட்டு மையத்தின் இரண்டு பயிற்றுநர்கள். லைம் ரீஜிஸிலிருந்து பக்கத்து ஊரான சார்மவுத்துக்குக் கரையோரமாகவே போவது திட்டம். மூன்று கிலோமீட்டர் சொச்சம். காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்ற அளவுதான். காற்று கரையிலிருந்து கடலுக்கு.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஏற்றிவிட்டார்கள், மறுபடி கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். இன்னொருவர் எட்டுப் பிள்ளைகளின் படகுகளையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு தெப்பம்போல் நிற்கச் சொன்னார். அந்த நிமிஷத்துக்கு அது சரியான யோசனை மாதிரிதான் தெரியும். ஆனால் தெப்பம் நிற்கவில்லை, காற்று அதை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டு கூட்டமும் ஒன்றின் கண்ணிலிருந்து ஒன்று மறைந்தது. அலை பெரிதாகப் பெரிதாகப் படகுகள் ஒவ்வொன்றாய்த் தண்ணீர் நிரம்பி மூழ்கின. உதவி கேட்க ஃபிளேர் என்கிற அவசர வெளிச்சக் குச்சி எதுவும் கையில் இல்லை. பயிற்றுநர்களுக்குமே திறந்த கடலுக்கான தகுதி இல்லை, ஆரம்பநிலைச் சான்றுதான். மதியம் திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை என்று கரையிலிருந்தவர்கள் கடலோரக் காவல்படைக்குச் சொல்லும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்து நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

இதில் என் மனசை உறுத்துவது வேறொரு விஷயம். அந்த மையத்தில் முன்பு வேலைபார்த்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு சரியில்லை, கவனிக்காவிட்டால் ஒருநாள் யாரோ ஒரு பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பொருளில் நிர்வாகத்துக்குக் கடிதமே எழுதியிருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது. எழுத்தில் இருந்தது. படிக்கவும் பட்டது. 1994 டிசம்பரில் அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு நிறுவனமே அந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றது அதுதான் முதல் முறை. 1995-இல் சிறுவர்களுக்கான சாகச மையங்களை உரிமத்தின் கீழ் கொண்டுவரும் சட்டம் வந்தது. உங்கள் வாட்ஸ்ஆப் குறிப்புகளை நிறுத்தச் சொன்னேனே, இதனால்தான். எழுதித் தெரிவிப்பதும் நடக்க வைப்பதும் வேறு வேறு வேலை.

இந்தக் கதையை உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள், ஆனால் பயமுறுத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, "நம்மளா இருந்தா இந்த இடத்துல என்ன பண்ணியிருப்போம்?" என்று கேளுங்கள். ஆசிரியர் இரண்டாம் முறை கவிழ்ந்ததும் எல்லாரும் திரும்பியிருக்கலாமா? யாரிடமாவது இழுவைக் கயிறு இருந்திருந்தால்? பன்னிரண்டரைக்கே கரையிலிருந்து ஒருவர் போன் செய்திருந்தால்? அரைமணி நேரம் ஓடும் இந்தப் பேச்சு. நம் கடல் அந்தக் கடல்போல் குளிர்ந்ததல்ல, அந்த வகையில் நாம் அதிர்ஷ்டசாலிகள். இங்கே ஆளைச் சாய்ப்பது வெயிலும் களைப்பும் தாகமும். ஆனால் காற்றும் கயிறும் கடிகாரமும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

அடுத்த முறை எங்கேயும் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கு, இடுப்பளவுத் தண்ணீரில், எட்டுப் பேரையும் வரிசையாகக் கவிழச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டிலிருந்து தொடங்கலாம். ஜாக்கெட்டை மாட்டி, பட்டைகளை அவரவரே இறுக்கியதும், பின்னால் ஒருவர் நின்று தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஜாக்கெட் காதுவரை வந்து, முகம் உள்ளே போய், ஆமை மாதிரி முழிப்பார்கள். தண்ணீரிலும் அதேதான் நடக்கும். இந்த ஒரு சோதனை நூறு அறிவுரைக்குச் சமம், ஏனென்றால் எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே பட்டையை இறுக்குவார்கள். சுற்றுலாப் படகில் கொடுக்கிற தொளதொள ஆரஞ்சு ஜாக்கெட் இந்த வேலைக்கு ஆகாது. கை வீசித் துடுப்புப் போட முடியாமல் பத்தாவது நிமிஷம் கழற்றிவிடுவார்கள்.

பிறகு கவிழ்ப்பது. வாடகைப் படகுகள் பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை என்பதால் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. விழுந்தவர் முதலில் செய்ய வேண்டியது படகைப் பிடிப்பது. துடுப்பு அப்புறம். காற்றடிக்கும்போது காலிப் படகு நீந்துகிற ஆளைவிட வேகமாக ஓடிவிடும், இதை ஒருமுறை காட்டிவிடுங்கள். கவிழ்ந்து கிடக்கும் படகின் குறுக்கே கையை நீட்டி, அந்தப் பக்கத்து விளிம்பையோ பட்டையையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் அது நிமிரும். ஏறுவதில்தான் எல்லாரும் தப்புச் செய்வார்கள். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு, சுவர் ஏறுவதுபோல் கையால் மட்டும் ஏறப் பார்ப்பார்கள். கால் படகுக்கு அடியில் போய்விடும், படகு மறுபடி தலையில் கவிழும். சரியான வழி, முதலில் கால்களைப் பின்னால் நீட்டித் தண்ணீரை உதைத்து, உடம்பை மிதக்கவிடுவது. மேற்பரப்போடு படுத்த பிறகு, உதைத்துக்கொண்டே படகின் குறுக்கே வழுக்கி ஏறி வயிற்றில் படுக்க வேண்டும். பிறகு புரண்டு பிட்டத்தை இருக்கையில் வைக்க வேண்டும். கால்களை உள்ளே எடுப்பது கடைசி. வயிறு, பிட்டம், கால். இந்த வரிசையைச் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

ஒருவர் இரண்டு முறை சுலபமாக ஏறிவிடுவார். ஐந்தாவது முறை ஏறச் சொல்லுங்கள். அப்போதுதான் முகம் மாறும். ஜிம்முக்குப் போகிற ஆள்தான் முதலில் திணறுவார், அவர் கைப் பலத்தை நம்புவதால். மெலிந்த பெண் ஒருவர் உதைத்து வழுக்கி ஏறிப் போய்க்கொண்டே இருப்பார். குழுவில் யார் பலசாலி, யாருக்கு உதவி வேண்டும் என்று எல்லாரும் மனதில் வைத்திருந்த கணக்கு அந்தக் காலையில் தலைகீழாகும்.

சொந்தப் படகு வைத்திருக்கும் அந்த இரண்டு பேருடையது உள்ளே கால் நீட்டி உட்காரும் கடல் கயாக்காக இருந்தால், அவர்களுக்குக் கூடுதல் பாடம் உண்டு. உள்ளே தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்பக்கத்தில், கவிழ்ந்தால் அதைக் கழற்ற இழுக்கும் பட்டை வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். பட்டை உள்ளே மடிந்துவிட்டால், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைத் தேடுவது மிக நீண்ட அரை நிமிஷம். அப்புறம், இன்னொரு படகின் துணையோடு ஏறும் முறை. உதவிக்கு வருபவர் கவிழ்ந்த படகின் மூக்கைத் தன் படகின்மேல் குறுக்காக இழுத்து ஏற்றித் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, இரண்டு படகையும் பக்கம் பக்கமாக எதிரெதிர்த் திசையில் நிறுத்தி, காலிப் படகின்மேல் முழு எடையோடு சாய்ந்து பிடித்துக்கொள்வார். ஏறுபவர் அவசரப்படாமல் ஏறலாம். படிக்கச் சிக்கலாகத் தெரிந்தாலும், பழகினால் இரண்டு மூன்று நிமிஷ வேலைதான். பழகாதவர்களுக்கு முதல்முறை கால்மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால்மணி நேரத்தில் காற்று உங்களை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று கரையைக் காட்டிக் கேளுங்கள்.

தண்ணீரிலிருந்து வந்ததும் டீ குடிக்கிற நேரத்தில் மற்றதையெல்லாம் முடிவு செய்துவிடலாம். இப்போது கேட்பார்கள்.

போன் நீர்ப்புகா உறையில் உடம்போடு இருக்க வேண்டும், படகில் கட்டிய பையில் அல்ல. படகு போனால் போனும் போகும். இந்தியக் கடலோரக் காவல்படையின் தேடுதல் மீட்பு எண் 1554, கடலோரக் காவல் போலீஸ் 1093. இரண்டையும் அங்கேயே எல்லாரையும் சேமிக்கச் சொல்லுங்கள். விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்கட்டும். கையால் தண்ணீர் தொடும் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடுவானமே மூன்று கிலோமீட்டர்தான். அரை மீட்டர் அலையில் ஒரு மனிதத் தலை நூறு இருநூறு மீட்டரிலேயே காணாமல் போகும். கத்தினால் காற்று விழுங்கிவிடும், விசில் அதைவிட எட்டும்.

கரையில் ஒருவர் வேண்டும். மனைவியோ, அண்ணனோ, அறை கொடுத்த விடுதிக்காரரோ. அவரிடம் எத்தனை பேர், படகு என்ன நிறம், எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை எழுதிக் கொடுங்கள். "பதினொன்றரைக்குள் நான் கூப்பிடாவிட்டால் நீங்கள் 1554-க்குக் கூப்பிடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "லேட்டானா பார்த்துக்கோ" என்றால் யாரும் எதையும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல மனசோடு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள்.

கடல்நிலைக்கு ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் முன்னறிவிப்பையும், வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையும் பாருங்கள். காற்று மட்டுமல்ல, அலை உயரமும். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், தெற்கே தொலைதூர இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலைகள் வந்து அடிப்பதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்களே, அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. முன்னறிவிப்பைப் பார்த்த பிறகும் கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் படகு இறக்கவில்லை என்றால் நீங்களும் இறக்க வேண்டாம்.

கடைசியாக, எட்டுப் பேர் குழுவில் ஒரு சங்கடம் உண்டு. நான்கு மணி நேரம் வண்டியோட்டி வந்துவிட்டு, "வேண்டாம்" என்று முதலில் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று நிற்பார்கள், கடைசியில் எல்லாரும் படகில் இருப்பார்கள். அதனால் விதியாகவே வைத்துவிடுங்கள்: ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் ரத்து, காரணம் கேட்கக் கூடாது, அன்று மதியம் மீன் சாப்பாட்டில் கிண்டலும் கூடாது. இந்தக் கடைசி ஷரத்துதான் முக்கியம். கிளம்பும் முன் குழுவில் மிக மெதுவாக ஓட்டுபவரே வேகத்தைத் தீர்மானிப்பார் என்பதையும், அலைத்தலைகள் வெள்ளையாக நுரைக்க ஆரம்பித்தால் எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்பதையும் பேசிவிடுங்கள். காற்று கரையிலிருந்து வீசும் நாளில் உள்ளே போகவே வேண்டாம். முழங்கால் தண்ணீரை ஒட்டி, முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஓட்டுங்கள். களைத்துப்போனால் இறங்கிப் படகை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். பெண்கடல் பக்கம் அதற்கு ரொம்ப வசதி.

அடுத்த பயணத்துக்கு அழைக்கும்போது இதையெல்லாம் சொல்லாதீர்கள். ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணியும் ஒரு பெரிய துண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், வந்து பாருங்கள் என்று மட்டும் போடுங்கள்.